லெம்மிடம் மட்டும் சொன்னது

என் கணவன் வெண்டல் ஸ்ட்ராகா கழுத்தில் அடிபட்டு விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்தால் அவன் எப்படிக் கிடக்கிறான் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்த கோரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவன் லெம் ப்ரூயிட்டும் அப்போது களத்தில்தான் இருந்தான்.

வெண்டலுக்கு முப்பத்தேழு வயது. மில்வாக்கியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக். எல்லா ஆட்டத்திலும் பந்து முதலில் வருவது அவன் கைக்கு. எதிரணியில் உள்ள அத்தனை மலைமாடுகளும் ஓடி வருவது அவனைச் சாய்க்க. அந்தப் பந்தை அவன் கையில் கொடுப்பவன் லெம். கோட்டின் நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தந்துவிட்டு, அடுத்த கணமே நிமிர்ந்து வருகிறவர்களை மறிக்க வேண்டும். பதினோரு வருடங்கள் அவர்கள் இருவரும் இதைச் செய்தார்கள். விஸ்கான்சினின் குளிரில் லெம்மின் முதுகுக்குப் பின்னால்தான் என் கணவன் பிழைத்துக் கிடந்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அன்று நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இடப்பக்கமிருந்து ஒருவன் தடுப்பைத் தாண்டி வந்துவிட்டான். வெண்டல் பந்தை எறிந்து முடித்திருந்தான், அடி அதற்கப்புறம்தான் விழுந்தது. தலை தரையில் மோதிக் கழுத்து மடங்கியது. கடைசியில் நான் எழுந்து பார்த்தபோது, லெம் புல்லில் மண்டியிட்டு அவன் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

கழுத்தெலும்பில் அறுவை செய்தார்கள். கை அசைந்தது, கால் அசைந்தது. தலைமைப் பயிற்சியாளர் டன்லெவி மருத்துவமனைக்கு வந்து படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன் எடத்துல ஒருத்தனும் நிக்கமாட்டான் வெண்டல். நான் இருக்கிற வரைக்கும் அது உன் எடம். அவசரமே இல்ல. ஒடம்பைத் தேத்திக்கிட்டு வா."

"வந்துடுவேன் கோச்," என்றான் வெண்டல். கழுத்துப் பட்டைக்கு மேலே அவன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

பனி உருகத் தொடங்கியதும் லெம் காலையில் தன் டிரக்கை எங்கள் வாசலில் நிறுத்துவான். ஹாரன் அடிக்க மாட்டான், கத்துவான்.

"கிழவா! உயிரோட இருக்கியா, இல்ல வேற ஆளப் பாத்துக்கட்டுமா?"

"வேற எவன்டா உன் பின்னாடி நிப்பான்? நாத்தம் தாங்காது!"

இருவரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கத்துக்குப் போவார்கள். லெம் குனிந்து பந்தைத் தருவான், வெண்டல் எறிவான். ஒரு நாள் நானும் போய்ப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பந்து விசிலடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் தள்ளாட ஆரம்பித்தது.

"என்னடா, எறியச் சொன்னா பார்சல் அனுப்புற? நாளைக்குத்தான் வந்து சேரும் போல," என்று லெம் சிரித்தான்.

வெண்டலும் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "தோள் இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு மார்னி. அவ்வளவுதான்," என்றான். நம்பினேன். எறிந்துவிட்டு வந்த நாட்களில் அவன் சட்டைப் பொத்தான்களை இடக்கையால் போடுவதை வீட்டில் பார்த்திருக்கிறேன். அதற்கும் தோளையே காரணம் சொன்னான், அதையும் நம்பினேன். அணியின் மருத்துவரும் அவனைச் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார்.

ஏப்ரலில் அணி ஒரு புதுக் குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கல்லூரியில் இருந்து நேரே வந்தவன். டன்லெவி அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, "இது ஒரு பாதுகாப்புக்குத்தான். நீதான் ஆடப் போற," என்றார். வெண்டல் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிட எங்கள் தெருமுனைக் கடைக்குப் போனோம். வாசல் பக்கம் மாட்டிய கோட்டின் பையிலேயே வெண்டல் தொலைபேசியை விட்டிருந்தான். கடைக்காரி டொலோரஸ் எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஏரி மீனும் உருளைக்கிழங்கு அடையும் கொண்டுவந்து வைத்தாள். மதுக்கவுண்டருக்கு மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அங்கே பேச்சு அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். திரையில் என் கணவனின் படம்.

அணி வெண்டல் ஸ்ட்ராகாவை ஒப்பந்தத்திலிருந்து நீக்கிவிட்டது என்றது செய்தி. பந்து எறியும் கையில் அவருக்கு இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன. அதை அவர் அணி மருத்துவரிடம் மறைத்துவிட்டார் என்று அணியினர் சொல்கிறார்கள்.

முதலில் எனக்கு அது பொய்யென்றே பட்டது. 'இவன் விரல் மரத்துப்போனால் எனக்குத் தெரியாதா?' என்று நினைத்தேன். வெண்டலைப் பார்த்தேன். முள்கரண்டியை வைத்துவிட்டு வலக்கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டொலோரசுக்கும் கவுண்டரில் பீர் குடிக்கிறவர்களுக்கும் தெரிந்த அதே நொடியில்தான் எனக்கும் தெரிந்தது.

"நெஜமா?" என்றேன்.

"ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும்," என்றான். "ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்."

கோட்டை எடுக்கும்போது பார்த்தால் தொலைபேசியில் டன்லெவியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. வெண்டல் திருப்பிக் கூப்பிடவில்லை. வண்டியை நேரே லெம் வீட்டுக்கு விட்டான்.

லெம் வாசலில் டிரக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் குழாயை மூடினான். அவன் முகத்தைப் பார்த்தாலே கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் வெண்டல் கேட்டான்.

"நீயா?"

"டன்லெவி கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"கை எப்படி இருக்குன்னு. 'தெனமும் அவனுக்குப் பந்து குடுக்கறவன் நீ, உனக்குத் தெரியாம இருக்காது, உள்ளத சொல்லு'ன்னான்."

"நீ சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

"எங்கிட்ட வந்து, டேய் அவன் கேக்கறான், நான் சொல்லப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா வேணாம்னிருப்ப. நீ வேணாம்னா என்னால முடியாது, கிழவா. நீ சொல்றதக் கேட்டே பழகிட்டேன்."

"கிழவான்னு கூப்பிடாத."

லெம் ஈரக்கையைத் தன் சட்டையில் துடைத்தான். அத்தனை பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அன்னிக்கு நீ கீழ கெடந்தப்ப உன் தலையப் பிடிச்சிட்டிருந்தது நான். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. ஆனா நீ என்னப் பாக்கவே இல்ல. இன்னொரு தடவ விழுந்தா நீ எந்திரிக்க மாட்ட. அன்னிக்கும் என்னத் தாண்டி வர்றவன்தான்டா உன்ன அடிப்பான். அத நான் எப்படிச் சொமக்கிறது?"

"அப்ப உனக்காகத்தான் சொல்லியிருக்க. எனக்காக இல்ல."

"ரெண்டு பேருக்காகவும்தான்."

"உன்னோட புது ஒப்பந்தம் எப்ப கையெழுத்தாச்சு?"

லெம் தலையைத் தூக்கினான். "அது வேற விஷயம்."

"எப்பன்னு கேட்டேன்."

"இந்த வாரம்."

"டன்லெவிகிட்ட எப்பப் பேசின?"

"போன வாரம். ஆனா வெண்டல், ஆண்டவன் மேல சத்தியமா, அதுக்கும் இதுக்கும்..."

"சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும்டா. எனக்கு அது எப்படித் தெரியும்? உனக்காவது உறுதியா தெரியுமா?"

லெம் குனிந்து, மூடியிருந்த குழாயை மறுபடி இறுக்கினான். வாசற்படியில் வந்து நின்றிருந்த கோரின் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரங்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டவள் அவள். அவளுக்கும் முன்பே தெரியுமா என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வந்தது போகவே இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் வெண்டல் பேசிக்கொண்டே வந்தான். டன்லெவி பொய்யன், லெம் துரோகி, பதினோரு வருடம், தம்பி மாதிரி. நான் கேட்டுக்கொண்டே வந்தேன். பாலத்தைத் தாண்டியதும் என்னால் முடியவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னது?"

"வெரல் மரத்துப்போறத. லெம்கிட்ட சொன்ன. உன் பக்கத்துல படுத்திருக்கிற என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"நீ யார்கிட்டயாவது சொல்லியிருப்ப," என்றான்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தை என்னை அறைந்த மாதிரி இருந்தது. அவன் நம்பத் தேர்ந்தெடுத்தவன் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டான். நம்பத் தகாதவள் என்று அவன் ஒதுக்கியவள் அவனோடு வண்டியில் வந்துகொண்டிருந்தாள்.

கோடையில் டூசானில் இருந்து ஒரு அணி கூப்பிட்டது. அவர்களின் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போய்விட்டதாம். விரல் செய்தி அவர்களுக்கும் தெரியும். தங்கள் மருத்துவர் பார்த்துவிட்டுச் சரி என்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வெண்டல் இரண்டு நாள் தூங்கவில்லை. போக வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "நீயும் வா," என்றான். போனேன்.

மருத்துவர் ஓயெலாரன் என்ற பெண்மணி. நிதானமானவர். கழுத்தைத் திருப்பச் சொன்னார், கையை அழுத்தச் சொன்னார், கண்ணை மூடச் சொல்லி ஊசிமுனையால் ஒவ்வொரு விரலையும் தொட்டார். எல்லாவற்றுக்கும் வெண்டல் சரியாகவே பதில் சொன்னான். அவனுக்கு மரத்துப்போவது முப்பது தடவை எறிந்த பிறகுதான். உட்கார்ந்திருக்கும் அறையில் வராது. இதையெல்லாம் அதற்குள் நான் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

"இப்ப சரியாத்தான் இருக்கு," என்றார் மருத்துவர். "ஆனா ஒரு செய்தி பரவியிருக்கு. எறியும்போது மரத்துப்போறது உண்டா?"

"அது அவங்க கௌப்பிவிட்ட கதை," என்றான் வெண்டல்.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வீட்டுல ஏதாவது கவனிச்சீங்களா மிசஸ் ஸ்ட்ராகா? பொருளை நழுவ விடுறது, பொத்தான் போடச் சிரமப்படுறது, அந்த மாதிரி?"

வெண்டல் என்னைப் பார்த்தான். லெம் வீட்டு வாசலில் நின்றபோது இருந்த அதே பார்வை. நான் இன்னும் எதுவுமே சொல்லவில்லை, அதற்குள் அந்தப் பார்வை வந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து கைப்பையை எடுத்தேன்.

"அவன் கை, டாக்டர். அவனையே கேளுங்க. நான் வெளிய இருக்கேன்."

வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு கள்ளிச்செடியின் நிழலில் நின்றேன், அது நிழலே இல்லை. அவன் பொய் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தோடு சிரித்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

வெகுநேரம் கழித்து வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"சொல்லிட்டேன்," என்றான். "முப்பது தடவ எறிஞ்சா ரெண்டு வெரலும் செத்துப்போகுதுன்னு சொன்னேன். படம் எடுத்துப் பாத்தாங்க. நரம்பு இன்னும் நசுங்கியேதான் இருக்காம். இன்னொரு அடி விழுந்தா கையே போயிரும்னாங்க. அதுக்கு மேலயும் ஆகலாம்னாங்க."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. முடிஞ்சுது."

நான் அவனை அணைத்துக்கொண்டேன். அவன் அழுதான். விமானத்தில் அவன் கொஞ்சம் லேசாகிவிட்ட மாதிரி என் தோளில் தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை. பனி உருகி அவன் எறியத் தொடங்கிய முதல் நாளில் இருந்தே விரல்கள் மரத்துப்போனதாம். எப்போது தொடங்கியது என்பதை மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் என்னிடமும் சொன்னான். அந்த வசந்தகாலம் முழுக்க அந்தக் கையால்தான் என் தலையைத் தடவினான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்தை வெண்டல் டிவியில் பார்த்தான். லெம் குனிந்து புதியவன் கையில் பந்தைக் கொடுத்ததும் எழுந்து போய்விட்டான். அதன் பிறகு பார்க்கவே இல்லை. ஊரில் எல்லோரும் லெம் அவன் உயிரைக் காப்பாற்றினான் என்றார்கள். டொலோரஸ்கூட அப்படித்தான் சொன்னாள். வெண்டல் மறுத்துப் பேச மாட்டான், மீனைச் சாப்பிடுவான்.

அக்டோபரில் ஆட்டம் இல்லாத ஒரு வாரத்தில் லெம் வந்தான். கையில் ஒரு பெட்டி ஆப்பிள். இந்தத் தடவை கத்தவில்லை, அழைப்பு மணியை அடித்தான். வெண்டல் போய்க் கதவைத் திறந்தான். நான் சமையலறையிலிருந்து கேட்டேன். லெம்மின் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள், கோரினின் புது வேலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு லெம் கேட்டான்:

"உள்ள வரட்டுமா?"

"வேணாம்டா," என்றான் வெண்டல். கோபமே இல்லாத குரல்.

டிரக் கிளம்பிப் போனது. வெண்டல் ஆப்பிள் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவன் நல்லவன்தான்," என்றான்.

"தெரியும்."

"அவன் சொன்னதும் சரிதான். சொல்லலைன்னா நான் ஆடியிருப்பேன்."

"அதுவும் தெரியும்."

"ஆனாலும் என்னால முடியல மார்னி. அவன உள்ள கூப்பிட வரல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றேன்.

யாரைச் சொல்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. எழுந்து, இலைகளை வாரப் பின்பக்கம் போனான். நான் ஆப்பிள்களைக் கழுவ ஆரம்பித்தேன்.