காப்பிக்கலர் நூல்

என் கணவரும் மகளும் எங்கே பயணம் போனாலும் என் மருந்துப் பையும் கூடவே போகும். கடை மாத்திரையை நான் வீட்டுப் படி ஏற விட்டதில்லை. வாந்திக்கு இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் சேர்த்த சாறு, வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர், தொண்டைக்கு அதிமதுரம், தலைவலிக்கும் சளிக்கும் மேலே தடவத் தைலம். எல்லாம் என் கைப்பக்குவம். போன இடத்தில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இரண்டு பேரும் திரும்பி வருவார்கள். அதை நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நான் தையல்காரி. பாட்டிலில் சீட்டு ஒட்ட மாட்டேன், எண்ணெய் பட்டால் எழுத்து அழிந்துபோகும். அதற்குப் பதில் கழுத்தில் நூல் கட்டிவிடுவேன். பச்சை என்றால் வயிற்றுக்கு, மஞ்சள் தொண்டைக்கு, காப்பிக்கலர் வாந்திக்கு. சிவப்பு என்றால் தைலம், வாயில் வைக்கவே கூடாது. பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி கருங்கண்ணாடி. என் கடைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "ஆபத்தும்மா இது, ஒரு பேராவது எழுதி ஒட்டுங்க" என்றார். "சீட்டு ஒட்டி விக்கத்தான் நீங்க இருக்கீங்களே அண்ணா" என்று அவர் வாயை அடைத்தேன். அன்று முழுக்க எனக்கு ஒரே குஷி.

வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. மருந்து என்றால் மூக்கைப் பொத்த வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. என் மகளுக்கு ஏழு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். மற்ற எதற்கும் அடங்காத வாலு, இதற்கு மட்டும் அடங்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை அப்பாவும் மகளும் மலைமேல் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு பஸ் ஏறினார்கள். சாயங்காலத்துக்குள் எட்டு ரவிக்கை கொடுக்க வேண்டியிருந்ததால் நான் போகவில்லை. பத்தரை மணிக்கு மலையடிவாரத்திலிருந்து அவர் கூப்பிட்டார்.

"வளைவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வாந்தி ஆரம்பிச்சுட்டா."

"மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு. காப்பிக்கலர் நூல்தானே? ரெண்டு மூடி. இப்ப தூங்கிட்டா."

"பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு, பெருமையோடு மிஷினில் உட்கார்ந்தேன்.

அடுத்த ரவிக்கை சிவப்பு. பெட்டியில் சிவப்பு நூல்கண்டைத் தேடினேன். வெறும் கட்டைதான் இருந்தது. நேற்றே தீர்ந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு மெரூனை எடுத்தேன். சரியான நிறம் இல்லாவிட்டால் ஒரு படி அடர்த்தியாகப் போட்டுக்கொள்ளலாம், துணியோடு ஒட்டிவிடும். எங்கள் தொழிலில் இது சாதாரணம். நேற்று ராத்திரி தைலப் பாட்டிலுக்கும் அப்படித்தான் மெரூன் கட்டினேன்.

கத்தரிக்கோலை எடுக்க வெட்டுமேசைப் பக்கம் திரும்பினேன். மடித்து வைத்திருந்த லைனிங் துணிக்குப் பின்னால் ஒரு பாட்டில் நின்றது. கழுத்தில் காப்பிக்கலர் நூல். இஞ்சிச் சாறு. காலையில் கடைக்குக் கொண்டுவந்து தேன் ஊற்றியவள், அவசரத்தில் பையில் வைக்க மறந்திருக்கிறேன்.

அப்படியானால் அவர் கொடுத்தது எதை?

அவர் கணக்கு வாத்தியார். அவருக்குத் தெரிந்த நிறம் மொத்தமே ஆறோ ஏழோ. மெரூனும் சிவப்பும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பது எனக்குத்தான் தெரியும். அவர் கண்ணுக்கு மெரூன் காப்பிக்கலர்தான். போனை எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். திரும்பவும் அடித்தேன். அதே நிதானம்.

செருப்புக்கூடப் போடாமல் மருந்துக்கடைக்கு ஓடினேன். எப்படியோ சொல்லி முடித்தேன்.

"தைலத்துல என்னெல்லாம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு. நல்லெண்ணெய்ல கலந்தது."

"கற்பூரம் எவ்வளவு?"

"நிறையண்ணா. அப்பதானே சுறுசுறுன்னு இருக்கும்."

"எத்தனை வயசு, எவ்வளவு குடிச்சா?"

"ஏழு. ரெண்டு மூடி. குடிச்சிட்டுத் தூங்குறாளாம்."

என்னைக் குத்திக் காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, அவர் குத்தவில்லை. அதில்தான் எனக்குப் பயம் கூடியது. முன்னால் நின்ற இரண்டு பேரை அப்படியே விட்டுவிட்டு அவர் போனை எடுத்தார்.

"தூங்குறாளா மயங்கிட்டாளான்னு தெரியணும்மா. கற்பூரம் வலிப்பு கொண்டு வந்துடும். பஸ் எத்தனை மணிக்கு மேல போய்ச் சேரும்?"

"பன்னெண்டு."

மணி பதினொன்று பத்து. அவர் பஸ் கம்பெனிக்குப் பேசினார். மேலே போய்ச் சேரும்வரை டிரைவர் போனும் எடுக்காது என்றார்கள். மலைமேல் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். பஸ் நிற்கும் இடத்துக்கே ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள். "வீட்டுல செஞ்சது சார், பேர் ஒண்ணும் ஒட்டல" என்று அவர் யாரிடமோ சொன்னபோது, நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஸ்டூல் போட்டார், உட்கார்ந்தேன். எதிரே அலமாரி முழுக்க டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பெயர், அளவு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும் என்ற எச்சரிக்கை. வாலு மூக்கைப் பொத்திக்கொண்டு வாயைத் திறக்கும் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. எரிந்திருக்குமே, அலறியிருப்பாளே என்று நினைத்தேன். மாட்டாள். அலறக் கூடாது, கேட்கக் கூடாது என்று நான்தானே பழக்கினேன். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று அவர் அதட்டினார். ஆனால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை.

பதினொன்றே முக்கால். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனில் அந்தப் பெண் குரல். பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்து.

பன்னிரண்டு ஒன்பதுக்குப் போன் அடித்தது.

"என்னம்மா இது? பஸ்ஸை விட்டு இறங்கினா ஆம்புலன்ஸ் நிக்குது. டாக்டர் அவ கண்ணுல டார்ச் அடிச்சுப் பாக்குறாரு. நல்லாத்தானே இருக்கா."

"அவ குடிச்சது தைலங்க."

"அவ குடிக்கல" என்றார்.

"குடுத்தாச்சுன்னீங்களே."

"எப்பவும் அப்படித்தானே சொல்லுவேன்."

"எப்பவும்னா?"

"கோவிச்சுக்காத. பயணத்துல உன் மருந்தை நாங்க குடிச்சதே இல்ல. ஜன்னல் வழியா ஊத்திட்டு, குடிச்சாச்சுன்னு சொல்லிடுவோம். உன் மனசு சங்கடப்படக் கூடாதேன்னு."

இத்தனை வருடம் நான் பீற்றிக்கொண்டதெல்லாம் சாலையோரப் புல்லுக்குப் போயிருக்கிறது. கோபம் வரவில்லை. ஜன்னலைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

"அப்ப இன்னைக்கும் ஜன்னல்ல ஊத்திட்டீங்க."

"இல்ல. இன்னைக்கு ரொம்ப முடியலம்மா அவளுக்கு. அம்மா மருந்தையே குடுப்பான்னு அவளே கேட்டா. மூடியில ஊத்தினேன். வாடை மண்டைக்கு ஏறிச்சு. வாந்தி மருந்தை நாங்கதான் குடிச்சதில்லையே, அது இப்படித்தான் நாறும்னு நினைச்சுட்டேன். வாய்கிட்ட கொண்டுபோறேன், டிரைவர் சடார்னு பிரேக் போட்டான். மொத்தமும் என் வேட்டியில. அந்த அசதியில அவ தூங்கிட்டா. மேல போனதும் குடுக்கலாம்னு பாட்டிலை மடியிலயே வச்சிருந்தேன்."

மருந்துக்கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழைத்தாள் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். பல் கிட்டிப்போய் வாய் திறக்க மறுத்தது.

போன் கை மாறியது. வாலுவின் குரல் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. நான் திட்டப்போகிறேன் என்று பயந்துபோயிருந்தாள்.

"அப்பாதாம்மா கொட்டிட்டாரு" என்றாள். "நான் மூக்கைப் பொத்திக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."