அட்டையில் மூன்று பேர்

ஷீலா குடும்ப அட்டை எண்ணைத் தட்டியதும் திரையில் மூன்று பெயர்கள் வந்தன. அன்னக்கிளி, லிங்கேஷ், சுகிர்தா.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த இ-சேவை மையத்தில் அன்று நல்ல கூட்டம். பொறியியல் கலந்தாய்வு நெருங்கிவிட்டது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைத்தால் சுகிர்தாவின் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டிவிடும். கிடைக்காவிட்டால் அம்மாவோடு தறிக்கூடத்துக்கு நூல் தார் சுற்றப் போக வேண்டியதுதான். இன்றோ நாளையோ மனு போனால்தான் கடைசித் தேதிக்குள் சான்றிதழ் வரும்.

"அக்கா, இந்தச் சலுகை வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்," என்றாள் ஷீலா. சிவகிரியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் அவள். "உங்க மகன் லிங்கேஷ் பேருல அஞ்சு வருசத்துக்கு முந்தியே வாங்கியிருக்கீயளே. படிச்சு முடிச்சிருப்பாருல்லா? எங்கன வேலை பாக்காரு?"

சுகிர்தா அம்மாவைப் பார்த்தாள். அன்னக்கிளி மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"கோயம்புத்தூர்ல இருக்கான்," என்றாள்.

லிங்கேஷ் இறந்து மூன்று வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது.

"அப்ப தங்கச்சிக்குக் கிடைக்காதேக்கா."

பின்னால் நின்ற பெரியவர் பொறுமையிழந்தார். "சட்டுனு முடிங்க தாயி. பட்டா மாத்த வந்தவன், நிக்க நிக்க ஆளே மாறிருவேன் போலிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் மகளும் எழுந்து வெளியே வந்தார்கள்.

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் லிங்கேஷின் செருப்பு இருந்தது. அன்னக்கிளி தினமும் அதைத் துடைத்து வைப்பாள். உள்ளே அவன் படத்துக்கு மாலை கிடையாது. ரேஷன் கடையில், "லிங்கேஷ் இன்னும் கைரேகை வைக்கலையே" என்று கேட்டபோதும், "வருவான்" என்றுதான் சொன்னாள். அவன் பங்கு அரிசி தனி டப்பாவில் இருந்தது. ராத்திரிச் சோற்றில் அதிலும் ஒரு கைப்பிடி வேகும். தட்டில் போட்டு மூடி வைப்பாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவளே குடித்துவிடுவாள். அமாவாசையன்றுகூட ஒரு பருக்கையைக் காக்கைக்கு வைத்ததில்லை. காக்கைக்குச் சோறு வைப்பது செத்தவர்களுக்கு அல்லவா?

"ஏம்மா கோயம்புத்தூர்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத?"

"அண்ணன் செத்துட்டான்னு சொல்லேன்."

"வாயக் கழுவுட்டி!"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். கோமதி அம்மன் படத்துக்குப் பின்னால், கோயில் புற்றுமண் பொட்டலத்தோடு, இறப்புச் சான்றிதழ் இருப்பது சுகிர்தாவுக்குத் தெரியும். எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையாத காகிதம். இதை ஷீலாவிடம் கொடுத்தால் போதும். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் அண்ணனை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதுபோல இருந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு பத்துக்குத் தெருமுனையில் லிங்கேஷ் படித்த கல்லூரியின் பேருந்து வந்து நின்றது. தினமும் நிற்கும். அந்தத் தெருவில் ஏறுவதற்கு யாரும் இல்லை. கதவு திறக்கும். சற்று நேரம் திறந்தே இருக்கும். பிறகு மூடும். யாரோ ஏறிக்கொண்டதுபோலப் பேருந்து நகரும். அதுவரை அன்னக்கிளி முனையில் நின்றுகொண்டிருப்பாள். மூன்று வருடமாக அந்தக் கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சுகிர்தா போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்வாள்.

இன்று அவள் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். கதவு திறந்தது.

"அண்ணாச்சி, இங்கன யாருமே ஏறலையே. எதுக்கு நிப்பாட்டுதீய?"

ஓட்டுநர் ஆறுமுகச்சாமி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"நீ லிங்கேஷ் தங்கச்சியா?" அவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அன்னைக்கு ரெண்டு தடவ ஹாரன் அடிச்சேன் தாயி. ஆளக் காணும். நேரமாச்சுன்னு எடுத்துட்டேன். கண்ணாடியில பாத்தா ஓடி வாரான். கையக் காட்டுதான். நிப்பாட்டியிருக்கலாம். தினம் இவனுக்கு இதே சோலியாப் போச்சுன்னு நிப்பாட்டல. யாரு பைக்கையோ வாங்கிட்டுப் பின்னாலயே வந்திருக்கான். கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துல லாரி..."

அவர் நிறுத்தி, மறுபடி சொன்னார். "இன்னைக்கும் கண்ணாடியில ஓடித்தான் வாரான். கதவத் தொறந்து வச்சு, அவன் ஏறிட்டான்னு நெனச்சாத்தான் எனக்கு வண்டி ஓடுது."

சுகிர்தாவுக்குப் பின்னால் அன்னக்கிளி வந்து நின்றிருந்தாள். கையில் அதே துணிப்பை.

"அவன் ரேஷன் கடைக்குப் போயிருந்தான் அண்ணாச்சி," என்றாள். "வரிசையில பையப் போட்டு இடம் புடிச்சிட்டு வாலேன்னு நாந்தான் வெரட்டுனேன். பஸ்ஸுக்கு நேரமாச்சும்மான்னான். ரெண்டு நிமிசம்தாம்லன்னேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சுகிர்தாவிடம்கூட.

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இந்தப் பைய ஒவ்வொருத்தரா முன்னால நகத்தி நகத்தி வச்சிருக்காவ. வாங்கத்தான் ஆளு போகல. சாயங்காலம் பக்கத்து வீட்டு பூமாரி வெறும் பையக் கொண்டாந்து குடுத்தா."

ஆறுமுகச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அன்னக்கிளிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் துக்கத்தை மறந்து, பிறர் பிள்ளையைத் தேற்றுவதுபோல அவர் பக்கம் ஓரடி வைத்தாள்.

"அழாதிய அண்ணாச்சி. எம்மவன் செத்தது உங்களால இல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

பேருந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணாச்சி, மொத பீரியட் போச்சு!"

"போனா போட்டும்லே, சும்மா இரு!" என்றார் ஆறுமுகச்சாமி. பிறகு அன்னக்கிளியிடம், "உங்களாலயும் இல்லம்மா," என்றார்.

பேருந்து போன பிறகு அன்னக்கிளி வீட்டுப் பக்கம் திரும்பினாள். "சாமி படத்துக்குப் பின்னால இருக்கு," என்றாள் மகளிடம். "நீ எடுக்காண்டாம். நான் எடுக்கேன்."

பத்து மணிக்கு இ-சேவை மையத்தில் அந்தக் காகிதத்தை ஷீலாவின் முன்னால் வைத்தாள். "நேத்து பொய் சொல்லிட்டேம்மா. மன்னிச்சுக்கோ."

ஷீலா படித்தாள். கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். அவன் படிப்பு பாதியில் நின்றதையும் காரணத்தையும் சொல்லி ஒரு மனுவைத் தானே எழுதினாள். சான்றிதழைச் சேர்த்தாள். குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கும் இடம் வந்தபோது, திரையை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"இங்கிட்டே திருப்பும்மா," என்றாள் அன்னக்கிளி. "நான் பாக்கணும்."

பார்த்தாள். சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். பூமாரி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஒன்பதாம் நாள் சான்றிதழ் தயார் என்று கைப்பேசியில் தகவல் வந்தது. வேண்டுதல் பலித்ததென்று அன்னக்கிளி கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். அம்மன் ஆறுமுகச்சாமியின் உருவிலும் ஷீலாவின் உருவிலும் வந்ததை அவள் அறிந்தேயிருந்தாள்.

அண்ணன் படித்த அதே கல்லூரியில் முதலாண்டு வகுப்பு தொடங்கிய நாள் காலையில் சுகிர்தா கால் மணி நேரம் முன்பே தெருமுனைக்குப் போய்விட்டாள். அன்னக்கிளி தனி டப்பாவில் மிஞ்சியிருந்த கடைசி அரிசியை வடித்து, ஒரு உருண்டையை இலையில் எடுத்து மதில்மேல் வைத்தாள். இரண்டு முறை "கா, கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கம்பியில் இருந்த காகம் அசையவில்லை.

தூரத்தில் பேருந்தின் ஹாரன் கேட்டது.

"ஏலே லிங்கேஷு, வாலே," என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. சாப்ட்டுட்டுப் போ."

காகம் மதிலுக்கு வந்து இறங்கியது.