மஞ்சள் புள்ளி

மஞ்சள் லேசர் பாயிண்டர் ஒன்று வந்திருக்கிறது என்று சுனில் சொன்னபோது நான் நம்பவில்லை. சிவப்பு வரும், பச்சை வரும், எப்போதாவது நீலம் வரும். மஞ்சள் வந்து நான் பார்த்ததில்லை. பேனா மாதிரி இருக்கும் அதன் உடம்புக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான் என்று நினைத்தேன்.

"இல்ல மேடம், வெளிச்சமே மஞ்சளா இருக்குது," என்றான்.

கண்ணுக்கு ஆபத்தான வெளிச்சத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை. மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் லேப். டார்ச், லேசர் பேனா என்று இறக்குமதி செய்கிறவர்கள் விற்பதற்கு முன்னால் எங்களிடம் சாம்பிள் கொடுப்பார்கள். அளந்து பார்த்து, சரியா தப்பா என்று சொல்வேன். பெரும்பாலும் தப்பு என்றுதான் சொல்ல வேண்டிவரும். 'கோமளம் மேடம்கிட்ட சூரியனக் குடுத்தா அதையும் ஃபெயில் பண்ணுவாங்க' என்று ஆபீஸில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். ஃபெயில்தானே பண்ண வேண்டும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சுனில் புதிதாகச் சேர்ந்தவன். வாசலில் உட்கார்ந்து சாம்பிள் பெட்டிகளை வாங்கி வைப்பான். மத்தியானம் ஆனதும் கிளம்பிவிடுவான். விவேக் நகரில் அவன் அண்ணன் தியோடர் படுக்கையில் இருக்கிறார், அண்ணி ரூபினி கேன்டீன் வேலைக்குப் போகும் நேரத்தில் இவன் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேரும்போதே சொல்லித்தான் சேர்ந்தான். அதற்கு மேல் அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பேனாவை எடுத்துச் சுவரில் வெளிச்சத்தை அடித்தேன். நிஜமாகவே மஞ்சள். முன்பு நம் தெருவிளக்குகள் எரியுமே, அந்த மஞ்சள். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் எனக்குக் கொஞ்சம் வாய் பிளந்துதான் போயிற்று. அழகான பொருள் என்றால் எனக்குச் சந்தேகமும் கூடவே வந்துவிடும். மீட்டரில் வைத்துப் பார்த்தேன். லேபிளில் போட்டிருந்ததைவிடப் பல மடங்கு பலம் காட்டியது. அதுகூடப் பரவாயில்லை. இந்த மாதிரிப் பேனாவில் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இரண்டு உள்ளே கலந்துதான் மஞ்சள் பிறக்கிறது. மிச்சக் கதிரைத் தடுக்க முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி வைக்க வேண்டும். வைக்கவில்லை. பார்க்கிறவனுக்கு மஞ்சள் மட்டும் தெரியும், தெரியாதது கண்ணைச் சுட்டுக்கொண்டிருக்கும். இறக்குமதி செய்த ஸ்ரீகண்டனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

ஃபெயில் என்று முடிவானாலும் மிச்சச் சோதனைகளை நான் விடுவதில்லை. கடைசிச் சோதனை, பகல் வெளிச்சத்தில் புள்ளி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது. இதற்கு மெஷின் கிடையாது. சாதாரணச் சிவப்பு பாயிண்டர் ஒன்றையும் மஞ்சளையும் ஒரே பலத்துக்கு இறக்கி, பக்கத்துப் பக்கத்தில் சுவரில் விழ வைத்து, ஆபீஸில் கையில் கிடைக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்பேன். அன்றைக்குச் சுனில் கிடைத்தான்.

"எது பளிச்சுன்னு இருக்கு?"

"மஞ்சள்தான் மேடம். செகப்ப இன்னும் போடலியே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிவப்புப் புள்ளி அவன் மூக்குக்கு எதிரில் எரிந்துகொண்டிருந்தது. விளையாட இது நேரமில்லை என்றேன். அவன் விளையாடவில்லை. சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான். நான் சிவப்பின் மேல் விரலை வைத்து, "இங்கே," என்றேன். "ஒண்ணியும் இல்ல மேடம்," என்றான். ஜன்னல் திரையை இழுத்து அறையை இருட்டாக்கினேன். இப்போது லேசாக ஏதோ அழுக்கு மாதிரித் தெரிகிறது என்றான்.

சில பேருக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, பிறவியிலேயே அப்படி, அது ஒரு குற்றமில்லை, கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிக்கொள் என்று சொன்னேன். சிக்னலில் எப்படி வண்டி ஓட்டுகிறாய் என்று கேட்டேன். மேல் விளக்கு எரிந்தால் நிற்பேன் என்றான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கண்ணன் தொப்பில இருக்கற லைட்டு செகப்பா மேடம்?"

எந்தத் தொப்பி என்று கேட்டேன். அதன் பிறகுதான் எல்லாம் வந்தது.

தியோடர் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். நரம்பு நோய் வந்து முதலில் பேச்சு குழறியது, பிறகு கைகால் போயிற்று, பிறகு பேச்சே போயிற்று. இப்போது கழுத்து அசையும், ஒரு விரல் அசையும். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு தொப்பி கொடுத்திருந்தார்கள். அதன் மேல் லேசர் பாயிண்டர் கட்டியிருக்கும். எதிரே எழுத்துப் பலகை. விரலால் சுவிட்சை அழுத்தி, தலையைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் புள்ளியை வைத்துப் பேசுவார். எதிரில் இருப்பவர் எழுத்தைச் சத்தமாகப் படித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"அண்ணி இருந்தா பேசுவாரு. அண்ணி படிச்சி சொல்வாங்க, நான் அவங்க மூஞ்சியப் பாத்துனு இருப்பேன். அண்ணி போயிட்டா என்கிட்ட பேச மாட்டாரு. லைட்ட ஆஃப் பண்ணிட்டாருன்னு நெனச்சிப்பேன். தல மட்டும் ஆடும். அது நடுக்கம்னு நெனச்சேன் மேடம்."

"உங்கிட்ட ஏன் பேச மாட்டார்?"

"என்மேல கோவம். மொதமொத வாய் கொழறப்போ, குடிச்சிட்டு வந்துட்டான்னு கத்திட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் இருந்தாங்க. கோயில் பெருநா அன்னிக்கு. அவ்ரு வாழ்க்கையில குடிச்சதே இல்ல. அது நோய்னு அப்புறந்தான் தெரிஞ்சிச்சி."

அண்ணியிடம் கேட்டிருக்கலாமே என்றேன். எப்படி மேடம் கேக்கறது என்றான். எனக்கு அவன்மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் நம் வீடுகளில் அந்த ஒரு வார்த்தையைத்தான் யாரும் கேட்பதில்லை.

அவன் மேஜைமேல் இருந்த மஞ்சள் பேனாவைப் பார்த்தான். "அதைத் தொடாதே, அது ஃபெயில்," என்றேன். "சரி மேடம்," என்று எழுந்து போனான்.

எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்ரீகண்டனுக்கு போன் பண்ணி, உங்கள் மஞ்சள் விற்பனைக்கு ஆகாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் சத்தம் போட்டார். சாம்பிளை என்ன செய்வது என்று கேட்டேன். குப்பையில் போடுங்கள் என்று வைத்துவிட்டார். எனக்கு அது போதும். டிராயரிலிருந்து மிச்சக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியை எடுத்துப் பேனாவின் முன்னால் பொருத்தினேன். பலத்தைக் குறைக்கும் கண்ணாடி ஒன்றையும் சேர்த்தேன். திரும்ப அளந்தேன். தப்பித் தவறிக் கண்ணில் பட்டாலும் கெடுதல் செய்யாத அளவுக்கு வந்தது. கண்ணாடிகள் கழன்றுவிடாமல் ஒட்டினேன். ஆனால் என் லேப் சுவரில் சரியாக இருப்பது அந்த வீட்டுப் பலகையில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. போய்ப் பார்க்காமல் எதையும் நான் கொடுக்க மாட்டேன்.

வியாழக்கிழமை ரூபினிக்கு லீவு, அவளிடமும் சொல்லிக் கொடுக்கலாம் என்று அன்றைக்குப் போனோம். குழந்தை இயேசு கோயிலுக்கு வந்த கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. பாதி வழியில் இறங்கி நடந்தோம்.

தியோடர் சாய்வுக் கட்டிலில் ஜன்னலோரம் இருந்தார். நான் நினைத்ததைவிட இளையவர். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பலகை, இங்கிலீஷ் எழுத்துகளில். தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் பெங்களூரில் பிறந்து கன்னட மீடியத்தில் படித்த குடும்பம், தமிழ் எழுத்து தெரியாது. போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறார்களே, அதே மாதிரி. பலகைக்கு வாங்கின அன்றைக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. புள்ளி விழுந்தால் அதில் தெறித்துக் கண்ணில் படும்.

"இதைக் கழட்டலியா?"

"புதுசாவே இருக்கட்டும்னு உட்டுட்டேன் மேடம்," என்றாள் ரூபினி. டிவி ரிமோட்டும் உறைக்குள்தான் இருந்தது. பலகையின் உறையை நானே உரித்தேன். சிவப்பை அவிழ்த்துவிட்டு மஞ்சளைத் தொப்பியில் கட்டினேன். அவருக்கு நேர் எதிரே முகத்தை வைத்து யாரும் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

தியோடர் சுவிட்சை அழுத்தவில்லை. தம்பியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுனில் ஏன் பலகையைப் படிப்பதில்லை என்று யாரும் கேட்கவில்லையா என்று நான் ரூபினியிடம் மெல்லக் கேட்டேன். "இவ்ருதான் சொன்னாரு, அவன் எனக்கு பதிலே சொல்றதில்லன்னு. நான் கேக்கறேன்னேன். கேக்காத, வந்து உக்காந்துனு போறானே அதுவே போதும்னுட்டாரு," என்றாள்.

சுனில் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணா, எனக்கு செகப்பு தெரியாதுண்ணா. கண்ணு அப்டி. எனக்கே இந்த வாரந்தான் தெரிஞ்சிச்சி. நீ பேசுனது ஒண்ணியும் நான் பாக்கல."

தியோடர் தலையைத் திருப்பித் தம்பியை வெகு நேரம் பார்த்தார். பலகையில் மஞ்சள் புள்ளி விழுந்தது. ஏதோ ஒரு எழுத்தில் நின்றது. "கே," என்றான் சுனில். தாண்டி ஒரு மூலைக்குப் போயிற்று. "இசட்." மேலே வந்தது. "பி." சொல் எதுவும் ஆகவில்லை. தம்பிக்கு உண்மையிலேயே தெரிகிறதா என்று அவர் சோதித்துப் பார்க்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் சோதனையெல்லாம் என்ன சோதனை.

"அன்னிக்கு நான் கத்துனது..." என்று சுனில் ஆரம்பித்தான். புள்ளி வேகமாக ஓடியது. "வி, ஐ, டி, யு," என்று படித்தான் சுனில். விடு. அடுத்து, மேடத்துக்குக் காபி கொடு என்று வந்தது. அதையும் அவனே படித்தான். ரூபினி அவனை அதிசயமாகப் பார்த்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

அவள் போனதும் புள்ளி தாமதிக்கவில்லை. "ஆர், ஏ, டி, ஹெச், ஆர், ஐ," என்று சத்தமாகத் தொடங்கின சுனிலின் குரல் இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. பலகை எனக்கும் தெரிந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை. ராத்திரி மூச்சு வரல. பயமா இருக்கு. ரூபினிக்கு சொல்லாத. நீ இங்க படு.

"எப்பலேர்ந்துண்ணா?"

தினமும் கேட்டேன், என்றது புள்ளி. நீ செருப்ப மாட்டினு போயிட்ட.

சுனில் கட்டிலின் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அண்ணி தெருமுனையில் தெரிந்ததும் தினமும் எழுந்து போயிருக்கிறான். போகிறவனின் முதுகைப் பார்த்தபடி அவர் எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, மீட்டரைப் பையில் வைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். குனிந்தபடியே, மூச்சு விஷயத்தை நாள் கடத்தக் கூடாது என்று மட்டும் சொன்னேன். "காலைலயே ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணா," என்றான் சுனில். "டாக்டர் பாக்கட்டும். அப்புறம் அண்ணிகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்." புள்ளி கொஞ்சம் யோசித்தது. சரி என்றது.

ரூபினி காபியோடு வந்தாள். சுனிலின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாடா, என்னா சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணியுமில்ல அண்ணி. இன்னிலேர்ந்து நான் ராத்திரி இங்கயே படுத்துக்கறேன்."

"ஏன்டா திடீர்னு?"

அதற்குள் பலகையில் மஞ்சள் புள்ளி நகர்ந்தது. ரூபினி டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பும் முன்பே சுனில் படித்துவிட்டான்.

"பாய் எடுத்துக் குடுக்கச் சொல்றாரு அண்ணி."