செவந்தி சொல்லாத பெயர்

ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. கந்தப்புவின் பெருமையெல்லாம் அதுதான். பினாங்கில் வெல்ட் கீ துறைமுகக் கரைக்கு இரண்டு தெரு தள்ளி, கந்தோர் என்று அவர் சொல்லும் ஒரு சர்க்கார் அலுவலகத்தில், தொழிலாளர்கள் கொண்டுவரும் முறையீட்டைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லி, துரை கேட்பதை அவர்களுக்குத் தமிழில் சொல்வது அவர் உத்தியோகம். பதினொரு வருஷம் ஆகிறது. யாழ்ப்பாணத்து மனுஷன், எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். வருகிறவர்கள், குமாஸ்தா என்ற பொருளில், 'கிராணி ஐயா' என்று கும்பிடுவார்கள். அவரும் தலையை அரை அங்குலம் அசைத்து வைப்பார்.

அவர் எப்போதுமே இப்படி இருந்தவர் இல்லை. முந்தைய துரை இருந்த காலத்தில், தாசேக் கெலுகோர் தோட்டத்து ஆள் ஒருவன் சொன்னதைச் சொல்லி முடித்துவிட்டு, "இவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்றால்..." என்று வாயைத் திறந்தார். அவ்வளவுதான். "உன்னை வைத்திருப்பது மொழிபெயர்க்க. வக்கீல் வேலை பார்க்க அல்ல" என்று துரை எரிந்து விழுந்தார். அந்த வருஷத்துச் சம்பள உயர்வும் போயிற்று. வீட்டிலோ கலியாணத்துக்கு மூன்று பெண்கள். அன்றைக்குப் பூட்டிய வாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் செவந்தியின் மனு வந்தது.

செவந்தி ஒரு கம்பெனியின் பாக்குக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், வேலை பார்த்தவள். பாக்கை உடைப்பது, காயவைப்பது, மூட்டை பிடிப்பது, அந்த மூட்டையைத் தலையில் வைத்துச் சாய்வுப் பலகை வழியே மாடிக்கு ஏற்றுவது, எல்லாம் அங்கே நாற்பது பெண்கள். ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. மூட்டை என்னவோ ஒரே கனம்தான். கேட்க நாதி வேண்டாமா? பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பேறுகாலத்தில் ஓய்வு கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. சட்டம் துரையின் அலமாரியில் இருந்தது. கிட்டங்கியில் இருந்ததெல்லாம், ஆட்களை வேலை வாங்கும் தண்டல்கள் மூன்று பேர்.

செவந்திக்கு எட்டாம் மாசம். இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது என்று மூட்டையோரம் உட்கார்ந்தவளை அந்த மூன்று பேரில் ஒருவன், "நோவுன்னா வீட்டுல போய்க் கிட. நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத" என்று மிரட்டிப் பலகையில் ஏற்றினான். பாதிப் பலகையில் கால் தடுமாறி விழுந்தாள். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. படுக்கையில் கிடந்தபோதே அவளை வேலையிலிருந்தும் நிறுத்தினார்கள், பாவிகள்.

அவள் புருஷன் தங்கராஜு துறைமுகத்தில் சரக்குப் படகு இறக்குகிறவன். துறைமுகத்து ஆட்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பதிவும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் முடிவெட்டும் கடை மாடியில் கூடுவார்கள். பெண்களுக்கு அதில் இடமே இல்லை. தங்கராஜு கெஞ்சிக் கூத்தாடி அங்கே எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, மனைவி சொல்லச்சொல்ல மனு எழுதவைத்தான். எந்தத் தண்டல் என்று அவர் கேட்டபோது, "தண்டல்னு போட்டாப் போதுங்க" என்றாள் செவந்தி. அவரும் அப்படியே எழுதித் தொலைத்தார்.

"இது ஒண்ணு ஜெயிச்சுட்டாப் போதும்லா. நாப்பது பொம்பளைங்களுக்கும் சேர்த்து ஓய்வு கேட்டுடலாம். தோத்தோம்னா எவளுக்கும் இனிமே வாயில்ல" என்றார் அவர்.

விசாரணை நாளில் தங்கராஜுவுக்குக் கப்பல் வேலை; போகாவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். ஆகவே அக்கரையில் வீடிருந்த பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறிச் செவந்தி மட்டும் வந்தாள். துணைக்கு வந்தவள் ஹபீபா பீவி. கந்தோர் வாசல் மரத்தடியில் அவள் நிற்பதைக் கந்தப்பு பார்த்தார்.

"நீ ஆர் அம்மா?"

"நானும் அதே கிட்டங்கிதாங்க. இவ விழுந்தப்ப ஓடிப்போய்த் தூக்குனது நான்தான். கூப்பிட்டாங்கன்னா உள்ள வந்து சொல்றேன்."

"கூப்பிட்டால் வா" என்றுவிட்டு உள்ளே போனார்.

இந்தத் துரை புதிது. இளவயது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. செவந்திக்கு நாற்காலி போடச் சொன்னார். எதிரே கம்பெனி எழுத்தர் சந்திரசேகரன், கக்கத்தில் பதிவேட்டோடு நின்றிருந்தான். கம்பெனி சொன்ன பதில் இதுதான்: அந்தப் பெண்ணை யாரும் ஏவவில்லை, கூலிக்கு ஆசைப்பட்டுத் தானே மூட்டை தூக்கினாள். தண்டல்கள் சீனி முகம்மது, ராமையா, தங்கராஜு. மூவரும் இடம் மாறிமாறி நிற்கிறவர்கள். யார் ஏவியது என்று அவளே சொல்லட்டும்.

"பெயரை மட்டும் சொல்லச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் துரை. மனசாரத்தான் சொன்னார்.

கந்தப்பு கேட்டார். "உன்னை மூட்டை தூக்கச் சொன்னது ஆர்?"

"தண்டலுங்க."

"மூண்டு தண்டல் இருக்கினம். எந்தத் தண்டல்? பேரைச் சொல்லு."

செவந்தி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "மீசை வச்சவருங்க. கறுப்பா, உசரமா..."

சந்திரசேகரன் சிரித்துவிட்டான். "மூணு பேருக்கும் மீசைதான் ஐயா. மூணு பேரும் கறுப்புதான்."

"பெயர் வேண்டும்" என்றார் துரை மறுபடியும்.

"அந்தப் பேர என் வாயால சொல்லக்கூடாதுங்க" என்றாள் செவந்தி. பிறகு கந்தப்புவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "கிராணி ஐயாவுக்குத் தெரியும்."

தெரியும். ஏன் தெரியாது? 'பாகான் டாலாம் தங்கராஜு மனைவி செவந்தி' என்று மனுவில் இருந்ததை இங்கிலீஷில் எழுதியதே அவர் கைதான். தண்டல் பட்டியலும் கண்ணெதிரே கிடந்தது, அதிலும் ஒரு தங்கராஜு. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது செவந்தி பிறந்த ஊரிலும் உண்டு, கந்தப்பு பிறந்த ஊரிலும் உண்டு. அந்தப் பெயர் வேறொருவனுடையதாக இருந்தாலும் பெயர் பெயர்தான். அவர் மனைவி ஞானாம்பிகை இருபத்திரண்டு வருஷமாக அவரை 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுகிறாள். கந்தசஷ்டியைக்கூட 'முருகன்ர விரதம்' என்பாள், கந்தன் என்று நாக்கில் வந்துவிடக்கூடாது என்று.

ஒரே ஒரு வாக்கியம் போதும், துரைக்கு விளங்கியிருக்கும். அதுவும் வேண்டாம், வாசலில் ஒரு சாட்சி நிற்கிறாள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஹபீபா பீவிக்கு அந்தப் பெயரைச் சொல்ல என்ன தடை? ஆனால் சந்திரசேகரன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது கந்தப்புவுக்குத் தெரிந்தது. 'கிராணிக்குத் தெரியும் என்கிறாளா? அப்படியானால் நீ முன்பே இவளுக்குச் சொல்லிக் கொடுத்தாயா?' என்று துரை கேட்டால்? கலியாணத்துக்கு நிற்கும் மூன்று பெண்களும் வரிசையாகக் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

"பெயரைச் சொல்லக்கூடாது என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். 'கிராணி ஐயாவுக்குத் தெரியும்' என்ற மூன்று சொற்களையும் விழுங்கிவிட்டார், ஒரு சொல் குறையாத மனுஷன்!

"யாராவது மிரட்டினார்களா என்று கேள்."

"ஆரும் உன்னை வெருட்டினவையோ?"

"ஐயோ, இல்லீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லக்கூடாது, அவ்வளவுதாங்க."

துரை பெருமூச்சுவிட்டு எழுதினார். சந்திரசேகரன் பதிவேட்டை மூடினான். வாக்குமூலத் தாளைக் கந்தப்பு நீட்ட, செவந்தி இடது கட்டை விரலை மையில் தோய்த்துப் பத்திரமாக அழுத்தினாள். அவள் முகம் தெளிந்திருந்தது. தான் சொல்லமுடியாததை ஐயா சொல்லிவிட்டார், பெயர் அந்தத் தாளில் ஏறிவிட்டது என்றே அவள் நினைத்தாள். பெண்டாட்டி சொல்லக்கூடாத பெயரைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்வதுதானே உலக வழக்கம்?

"ஐயா புள்ளகுட்டியோட நல்லாருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயந்திரம் டத்தோ கிராமட் தெருவிலிருந்த தம் வீட்டில் கோட்டுக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஞானாம்பிகை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்சாரும், ஒருக்கா என்ர பேரைச் சொல்லும் பாப்பம்."

"என்ன விசர்க் கதை இது? நான் சொல்லி உங்களுக்கு ஒண்டு நடந்தால்?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் சேலைத்தலைப்பால் கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"அது என்ர வேலை இல்லை."

"அப்ப ஆற்ற வேலை?" என்றாள் அவள். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

மறுநாள் துரையின் அறை வாசலுக்கு இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தம் மேசைக்குத் திரும்பினார். மத்தியானம் கடிதம் டைப் அடித்து வந்தது. ஏவியவர் பெயரைச் சொல்ல முறையீட்டுக்காரி மறுத்துவிட்டதால் மனு தள்ளுபடி. கம்பெனிக்கு ஒன்று, பாகான் டாலாமுக்கு ஒன்று. உறையில் முகவரி எழுதியவரும் கந்தப்புதான்.

நாலாம் நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து நின்றார்கள். தங்கராஜு அன்று வேலைக்குப் போகவில்லை. கடிதத்தை யாரிடமோ படித்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். துரை அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார்.

"சொல்லு புள்ள" என்றான் தங்கராஜு. "எனக்கு ஒண்ணும் ஆயிடாது. சொல்லு."

செவந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"தங்கராஜு" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "தங்கராஜு! தங்கராஜுத் தண்டல்தான் தூக்கச் சொன்னாரு. அந்தத் தங்கராஜுதான் எம்புள்ளயக் கொன்னாரு!"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் தன் பெயரை அவள் வாயால் அன்றுதான் கேட்டான் அவன். அதுவும் இப்படி. பெரிய உடம்புக்காரன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான்.

கந்தப்பு அவள் சொன்னதைத் துரைக்குச் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொல்லும் குறையவில்லை. துரை தலையை ஆட்டினார்.

"கேட்டபோது சொல்லாமல், தள்ளுபடியான பிறகு புருஷனோடு வந்து சொல்லும் பெயருக்கு என்ன மதிப்பு? யாரோ சொல்லிக் கொடுத்தது என்றுதான் கம்பெனி சொல்லும். விவகாரம் முடிந்துவிட்டது. நான் வருந்துகிறேன் என்று சொல்."

கந்தப்பு சொன்னார். வருத்தத்தையும் சேர்த்தே சொன்னார்.

"அங்க இன்னும் ஆறு பேரு வயித்தோட மூட்டை தூக்குறாங்களே" என்றாள் செவந்தி. திடீரென்று அவருக்கு நேரே திரும்பினாள். "ஐயா, அன்னிக்கே சொன்னேனே. உங்களுக்குத் தெரியும்னு சொன்னேனே. நீங்க தொரகிட்ட சொல்லலியா?"

துரை படியில் நின்றபடியே கேட்டார். "என்ன கேட்கிறாள்?"

"ஒன்றுமில்லை, துரை" என்றார் கந்தப்பு.

செவந்திக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் தான் கேட்ட அவ்வளவு நீளக் கேள்வி எவ்வளவு சின்னதாகப் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, கும்பிடாமல், படியிறங்கிப் போனாள்.