கைப்பிடி மண்ணும் ஆகாயக் கப்பலும்

போடன் ஏரிக்கரையில், வாயு நிரப்பிய பெரிய பெரிய ஆகாயக் கப்பல்கள் பறக்கத் தொடங்கியிருந்த காலம். நொட்புர்கா நெஞ்சு நோயில் மாடியறையோடு கிடந்தாள். வானத்தில் உறுமல் கேட்கும்போதெல்லாம், "என்னைக் கொஞ்சம் ஜன்னலுக்குத் தூக்கிட்டுப் போங்களேன்" என்பாள். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் கணவர், பீப்பாய் செய்யும் ஃபிடெலிஸ், படியிறங்கிவிடுவார். தெருவில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, அது மறைந்த பிறகு மூச்சிரைக்க ஏறி வருவார்.

"நம்ம கோயிலை விட நீளம்டி" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். "அடுத்த தடவை உன்னைக் கட்டாயம் தூக்கிட்டுப் போறேன்." மனைவி மேல் அன்பில்லாமல் இல்லை. கால்தான் நிற்காது. அவளும் சிரித்துவைப்பாள்.

அடுத்த தடவை வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குழிக்குள் முதல் கைப்பிடி மண்ணைக் கணவன்தான் போட வேண்டும். ஃபிடெலிஸ் மண்ணை அள்ளினார். இந்த ஒன்றையாவது அவளுக்கு ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தார். அப்போது பார்த்து அந்த உறுமல் கேட்டது.

மேகத்தை விலக்கிக்கொண்டு வெள்ளிநிறத்தில் வந்தது கப்பல். பாதிரியாரின் ஜெபம் பாதியில் நின்றது. பெட்டி தூக்கி வந்தவர்கள்கூட கல்லறைச் சுவரை நோக்கி ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் யார் என்கிறீர்கள்? நம் ஃபிடெலிஸ்தான். சுவரேறி நின்று கையை ஆட்டி, "வருது பாரு, வருது பாரு" என்று கத்தினார். யாரைப் பார்க்கச் சொன்னாரோ.

அது தாண்டிப் போனதும் கையைப் பார்த்தார். வெறுங்கை. மண் சுவரடியில் சிந்திக் கிடந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"விடுங்கண்ணே," என்றான் குழி வெட்டுகிறவன். "சாமியாரே ஓடினாரு. உங்கள யாரு குத்தம் சொல்லப் போறா?"

மகள் ஆஃப்ரா மட்டும் குழியோரத்தை விட்டு அசையாமல் நின்றிருந்தாள்.

"நீ பாக்கலையாம்மா?" என்றார் ஃபிடெலிஸ், சுவரிலிருந்து இறங்கியபடி.

"அம்மாகூட யாராவது நிக்கணும்ல," என்றாள் அவள். "வாங்கப்பா. எப்பவும் போல வந்து சொல்லுங்க, எவ்வளவு நீளம்னு."

அவர் குழியருகே வந்து குனிந்து மறுபடி மண்ணை அள்ளினார். இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டிய மனிதருக்கு, அந்த ஒரு கையை விரிக்க வெகுநேரம் ஆயிற்று.