வேலியோரக் கல்

உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் மஞ்சளாகி ஓரத்தில் எண்ணெய் விட்டிருந்தது. கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு என்பதால், இந்தக் கென்டக்கி இடுகாட்டு மேட்டின்மேல் வருஷாவருஷம் போல நீள மேசைகளைப் போட்டுக் குடும்பமே தின்றுகொண்டிருந்தது. யாரோ நீட்டிய தட்டைப் பிடித்தபடி நின்ற வெர்னா வறுத்த கோழியைக்கூடத் தொடவில்லை.

கீழே வேலியோரத்தில் அவளுடைய சிற்றப்பா மகன் டர்வுட் இரண்டு பேரோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். டபிதாவின் கல்லைப் பெயர்த்து, உச்சியில் இருக்கும் அவள் கணவன் ஒபடையாவின் கல்லுக்குப் பக்கத்தில் நடப்போகிறார்கள். கூடியிருந்த அத்தனை பேரும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த அந்த இருவரின் வழிவந்தவர்கள். அவர்கள் இப்படிப் பிரிந்து கிடப்பது குடும்பத்துக்கே அவமானம் என்று போன வருஷ விருந்தில் எல்லாரும் கைதட்டி முடிவு செய்திருந்தார்கள். மேலே இடமில்லாததால்தான் அவளைக் கீழே புதைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. ஆனால் ஒபடையாவின் வலப்பக்கம் இன்னும் பத்துப் பேரைப் புதைக்கலாம்.

டபிதாவின் பெற்றோர் யாரென்று தேடச் சொன்னதும் டர்வுட்தான். விருந்தில் வாசிக்க வேண்டுமாம். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த வெர்னா குளிர்காலம் முழுக்க நீதிமன்றத்தின் நிலவறையில் பழைய பதிவுகளைப் புரட்டினாள். ஒபடையாவின் முதல் மனைவி பெர்மீலியா அவனிடம் வரும்போதே விதவை. கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்த மகள்தான் டபிதா. தாய் செத்த அதே மாதம், பதினைந்து வயதில், அவனுக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். டபிதாவின் மூத்த பிள்ளை பெர்மீலியா உயிரோடு இருக்கும்போதே பிறந்திருந்தது.

அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள் வெர்னா. சீழும் மலமும் துடைத்த கை, எதற்கும் அருவருத்ததில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடியில் தன் முகவாய் தெரிந்தது. நடுவில், ஒபடையாவிடமிருந்து வழிவழியாக வந்த பிளவு. அந்தப் பிளவோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால் இந்தக் குடும்பத்தில் கொஞ்சித் தீர்ப்பார்கள். எந்த சோப்பைப் போட்டு இதைக் கழுவுவது?

இன்று காலையில் டர்வுட்டிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அநாதையை ஒபடையா கைவிடவில்லையே, அந்தக் காலத்தில் அதெல்லாம் சகஜம்தானே என்றான் அவன். நகரப்போவது வெறும் கல்தானே என்றும் சொன்னான்.

இப்போது ஓலீட்டா அத்தையின் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, தணிந்த குரலில் அதையே மறுபடி சொன்னாள். அத்தை சொன்னால் டர்வுட் கேட்பான். அத்தை பீச் பழம் அடைத்த பை பலகாரத்தைத் தின்றபடியே கேட்டாள்.

"இதுக்கா குளிர்காலம் பூரா பாதாளத்துல கெடந்த? என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். 'அந்தாளு பக்கத்துல போட்றாதீங்க, கீழ வேலியோரத்துல எங்கம்மா காலடியில போடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் செத்தா."

"அப்புறம் ஏன் அத்தை கை தட்டுனீங்க?"

"எல்லாரும் தட்டுனாங்க." அத்தை விரலில் ஒட்டிய க்ரீமை நக்கினாள். "அவ பொறுத்துக்கிட்டதாலதான்டி நீயும் நானும் இருக்கோம். சும்மா இரு. ஒரு வாய் தின்னு."

கரண்டி அவள் உதட்டருகே வந்தது. வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனைவிட்டு விலகிக் கிடக்கும் இந்தத் தூரம் ஒன்றுதான் அந்தப் பெண் தன் வாயால் கேட்டு வாங்கியது. அதையும் பிடுங்கத்தான் கைதட்டியிருக்கிறார்கள்.

சரிவில் அவள் இறங்கிப் போவதற்குள் கடப்பாரை உள்ளே இறங்கி, கல் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. மண்ணில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கல்லைக் கட்டிக்கொண்டாள்.

"எந்திரி வெர்னா. எல்லாரும் பாக்கறாங்க," என்றான் டர்வுட் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். ஏன்னு கேக்கட்டும். சொல்றேன்."

மேலே மேசைகளில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. தட்டுகளைப் பிடித்தபடி சிலர் சரிவின் விளிம்புக்கு வந்து நின்றார்கள். பெயர்ந்த கல்லின் அடியிலிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு திமுதிமுவென்று வெளியே வந்து, அவள் மணிக்கட்டில் ஏறி, சட்டைக் கைக்குள் நுழைந்தன. உடம்பெல்லாம் கூசியது. அவள் கையை எடுக்கவில்லை.