நான்காம் பாடத்தில் ஒரு மன்னிப்பு

கல்லூரி வயலில் வைத்துத்தான் நான்காம் பாடத்தை ஒத்திகை பார்ப்பது என்று பிரிஸ்கில்லா ஒற்றைக் காலில் நின்றாள். வேளாண் மாணவர்களுக்கென்றே அவள் ஆங்கிலப் பாடநூல் தயாரித்துக்கொண்டிருந்தாள். எழுதியதைப் பிள்ளைகளைப் பேசவிட்டுப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்புவாள். பூச்சிமருந்து, மண் பரிசோதனை எல்லாம் தேறிவிட்டன. நான்காவது, தண்ணீர்த் தகராறு. வயல் வைத்திருக்கும் இரண்டு சம்சாரிகள், ஒரு வாய்க்கால், ஆளுக்கொரு அட்டையில் வசனம். நிஜம்போல இருக்கட்டுமே என்று ஒரே ஊர்க்காரர்களாகப் பார்த்து, வ. புதுப்பட்டி சோலைராஜையும் மாரீஸ்வரனையும் எதிரெதிரே நிறுத்தினாள். அந்த ஊரில் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடும் மடைத் தகராறு அவளுக்குத் தெரியாது. பெட்ரோல் பங்கில் பீடி பற்றவைத்தாள் என்றே சொல்லலாம்.

சோலைராஜ் தேன் ஒழுக ஆங்கிலத்தில் வாசித்தான்: என் முறைத்தண்ணீரை நீங்கள் திருப்பிவிட்டீர்களா, ஐயா?

மாரீஸ்வரன் தன் அட்டையைப் பார்த்தான். 'ஆம், என் தவறுதான். மன்னியுங்கள்' என்று இருந்தது. அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வாசிலே," என்றான் சோலைராஜ்.

"மேடம், இத மட்டும் மாத்திக் குடுங்க. எங்கய்யா வாயிலயே வராதது, என் வாயில வராது."

"இவங்கய்யன் மடையத் திருப்புனதுல எங்க சோளம் பூராக் கருகிப்போச்சு மேடம். ஊர்க்கூட்டத்துலயும் வாயத் தொறக்கல. இன்னைக்கு நீங்களே எழுதிக் குடுத்துட்டிய. வாசிலே!"

"ஒங்க வாய்க்கொழுப்புக்குச் சோளம் மட்டுமாலே கருகணும்?"

முதல் குத்தில் மாரீஸ்வரனின் மூக்கு இடம் மாறியது. அவன் திருப்பிக் கொடுத்ததில் சோலைராஜின் பல் ஒன்று கத்தரிப் பாத்தியில் போய் விழுந்தது, முளைக்காததுதான் பாக்கி. கூச்சலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பின. ராஜபாளையத்து மில் சங்கு வாயடைத்துப் போனது. விலக்கப் பாய்ந்த பிரிஸ்கில்லா ஒரு முழங்கையை வாங்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் உட்கார்ந்தாள். எழுந்தபோது மாரீஸ்வரன் சேற்றில் மல்லாந்து கிடந்தான். அவன் தலைக்கு மேலே, வரப்பில் கிடந்த மம்பட்டி இப்போது சோலைராஜ் கையில்.

"ஸ்டாப் இட்!" என்று கத்தினாள். அது யார் காதிலும் ஏறவில்லை. "ஏலே, நாசமாப் போறவனே, கீழ போடுலே! அது பொய்லே, நானா எழுதுனது!"

"பொய்யாவாவது ஒருக்காச் சொல்லட்டும் மேடம்." சோலைராஜின் குரல் உடைந்திருந்தது.

மாரீஸ்வரன் அட்டையை மடித்து வாயில் திணித்தான். ராஜபாளையம் நாய் கவ்வியதுபோல் தாடை இறுகியது. ரத்தமும் மையும் கடைவாயில் வழிந்தன.

மம்பட்டி மெல்ல இறங்கி மண்ணில் ஊன்றியது. சோலைராஜ் அவன் நெஞ்சருகே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"துப்புலே. வாசிச்சிட்டுப் பொறவு முழுங்கு."

பற்களுக்கிடையே அட்டையின் ஒரு முனை மட்டும் ஈரமாக நீட்டிக்கொண்டிருந்தது. சோலைராஜின் இரண்டு விரல்கள் அதைப் பிடித்தன, இழுக்கவில்லை.